வெறும் வயிறு

அந்த ஸ்டூலு வேணாம்ணே. பாக்கத்தான் இரும்பு. நம்ம உக்காந்தா மெழுகாயிரும். இந்தப் பெஞ்சுக்கு வாங்க, இது தாங்கும். நான் உக்காந்து அரை மணி நேரமாச்சு, இன்னும் உயிரோட இருக்கு பாருங்க.

தப்பா எடுத்துக்காதீங்க. கையில மஞ்ச ஃபைலு வச்சிருக்கீங்கல்ல, அதான் கூப்பிட்டேன். இந்த ஆஸ்பத்திரில மஞ்ச ஃபைலு நம்ம கட்சிக்கு மட்டுந்தான். ஹார்ட்டுக்குச் செவப்பு, கிட்னிக்கு நீலம், குண்டுக்கு மஞ்ச. மொத தடவையா? ஒம்பது மணிக்குத்தான் ஓ.பி. டாக்டரு வருவாரு. மணி ஆறே முக்கால்தான் ஆவுது. இந்தக் கேன்டீன்ல காப்பி சொல்லுங்க, நல்லாருக்கும்.

எத்தன கிலோண்ணே? நூத்திப் பதினெட்டா? அட, நீங்க சின்னப் புள்ளண்ணே. நான் நூத்தி அம்பத்தி ஒண்ணு. பேரு அருஞ்சுனை. சாத்தூரு. வயசு இருவத்தி மூணு. கையில பட்டை பாத்தீங்களா? பேரு, வயசு, ரத்தம் எல்லாம் எழுதிக் கட்டிருக்காக. காணாமப் போனாத் தேடிக் கொண்டுவந்து விட்ருவாங்க. நான் காணாமப் போறது அவ்வளவு சுலபமில்ல, அது வேற.

ஆமாண்ணே, எனக்கு இன்னைக்குத்தான். ஒம்பது மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போறாக. வயித்துல முக்கால்வாசிய வெட்டி எடுத்துட்டு, மிச்சத்த வாழக்கா சைசுக்குத் தச்சு விட்ருவாங்களாம். படம் வரைஞ்சு காட்டினாரு பெரிய டாக்டரு. நான் கேட்டேன், சார், வெட்டின பீஸ என்ன பண்ணுவீங்க, வீட்டுக்குப் பார்சல் உண்டான்னு. மனுசன் சிரிக்கல.

இதா? இது சும்மாண்ணே. ஒரு பொங்கலு, ரெண்டு வடை. கண்டுக்காதீங்க. சட்டினி நல்லாருக்கு, நீங்களும் சொல்லுங்க. நேத்து ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சத் தண்ணி கூடக் கூடாதுன்னு ஜெயமேரி சிஸ்டரு சொல்லிட்டுப் போனாக. வெறும் வயித்துல வரணுமாம். மயக்க ஊசி போட்டதும் உள்ள கெடக்குறது மேல ஏறி வந்து நுரையீரலுக்குள்ள போயிருமாம். நான் கேக்குறேன், இருவத்தி மூணு வருசமா கீழ மட்டுமே போயிட்டிருக்கிற பொங்கலுக்கு இன்னைக்கு மட்டும் வழி மறந்து போகுமா? எதுக்குச் சொல்றாங்கன்னா, நம்மள மாதிரி ஆளு சொன்னாக் கேக்க மாட்டான்னு கொஞ்சம் கூடவே பயமுறுத்துறது. பஸ்சுல 'படியில் நிற்காதே'ன்னு எழுதிப் போடுறாங்கல்ல, அந்த மாதிரி. எத்தன பேரு நிக்கிறான்.

அம்மா வந்தா எனக்குச் சிக்னல் குடுங்க. மீனாட்சி கோயிலுக்குப் போயிருக்கு, எட்டு மணிக்குள்ள வந்துரும். அதுக்குள்ள தட்டக் கழுவிருவோம்.

பண்ணிக்கலாமான்னு கேக்குறீங்க. எங்கிட்ட கேக்குறீங்களே, நீங்க பாவம்ணே. சரி, கேட்டுட்டீங்க, சொல்றேன்.

எனக்கு எப்படி ஆச்சுன்னா, எங்க அக்காவப் பொண்ணு பாக்க வந்தாங்க. சண்முகக்கனின்னு பேரு, ஒல்லிக்குச்சி. நான் சாப்ட்டது போக மிச்சத்துல வளந்த புள்ள. மாப்ள வீட்டுக்காரங்க வந்து, கேசரி சாப்ட்டு, எல்லாம் நல்லாத்தான் போச்சு. நான் தண்ணி கொண்டுட்டு உள்ளருந்து வந்தேன். மாப்ளையோட அம்மா என்னைய மேலருந்து கீழ வரைக்கும் பாக்குது. பாக்க நேரமாகும்ல, ஏரியா பெருசு. பாத்துட்டு எங்க அம்மாகிட்ட மெல்லக் கேக்குது, "இது உங்க குடும்பத்துல வழி வழியா வர்றதுங்களா?"ன்னு. நான் சொன்னேன், "இல்லங்கத்த, என்னோட சொந்தச் சம்பாத்தியம்"னு. சிரிச்சாங்க எல்லாரும். போனவங்க போனவங்கதான். அதுக்கப்புறம் போனே இல்ல.

அந்த வாரமே எனக்கு ஆப்பரேசன்னு முடிவாயிருச்சு. யாரு முடிவு பண்ணதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சித்தப்பா ஆஸ்பத்திரி நம்பர் வாங்கிட்டு வந்தாரு, பெரியம்மா நாள் பாத்துச்சு, அம்மா நேந்துக்கிட்டு மஞ்சத்துணில காசு முடிஞ்சு வச்சுச்சு. நான் சாப்ட்டுக்கிட்டு இருந்தேன்.

இங்க ஒரு மனசு டாக்டரு இருக்காங்க. உங்களையும் அனுப்புவாங்க, பயப்படாதீங்க. நான் எப்படிப் பாஸ் பண்ணேன்னு சொல்றேன் கேளுங்க. "இது உங்க சொந்த முடிவா?"ன்னு கேட்டாங்க. "மேடம், என் வயித்துக்கு ஓட்டுரிமை வந்து அஞ்சு வருசமாச்சு"ன்னேன். சிரிச்சுட்டாங்க. "கவலையா இருந்தா சாப்பிடுவீங்களா?"ன்னாங்க. "கவலையா இருந்தா மட்டுமில்ல மேடம், நான் பாரபட்சம் பாக்குறதில்ல"ன்னேன். மறுபடி சிரிப்பு. பத்தே நிமிசம். கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஒரு அக்கா ஒரு மணி நேரம் உள்ள இருந்துட்டு அழுதுக்கிட்டே வெளிய வந்துச்சு, அதுக்கு "இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு வாங்க"ன்னுட்டாங்க. பாத்தீங்களா? உண்மையச் சொன்னா லேட்டாகும்ணே.

அப்புறம் பதினாலு நாளைக்குப் பவுடரு. ஆப்பரேசனுக்கு முன்னாடி. பவுடரு, மோரு, வடிகட்டின சூப்பு, அவ்வளவுதான். நம்ம ஈரலு பெருத்துப் போயி இரைப்பைய மூடிக்கிட்டு நிக்குமாம். பதினாலு நாளு பட்டினி போட்டா அது சுருங்கி வழி விடுமாம். இல்லன்னா உள்ள கருவிய விட எடமிருக்காது, ரத்தம் போயிரும்னு பெரிய டாக்டரு சொன்னாரு.

இப்ப நீங்க சொல்லுங்க. மகன் ஆப்பரேசனுக்குப் போறான், இனிமே ஆயுசுக்கும் ஒரு கரண்டிதான் சாப்பிடுவான்னு ஊரு பூரா தெரிஞ்சுபோச்சு. சொந்தக்காரன் சும்மா இருப்பானா? "கடைசியா ஒரு வாய் எங்க வீட்டுல சாப்ட்டுட்டுப் போகட்டும்"னு ஏழாயிரம்பண்ணைலருந்து சித்தப்பா போனு. கோவில்பட்டிலருந்து பெரியம்மா. புதுமாப்ளைக்குக் கூட இப்படி விருந்து நடக்காதுண்ணே. அம்மா காலைல எந்திரிச்சு டம்ளர்ல பவுடர ஆத்திக் குடுக்கும். குடிச்சு முடிக்கவும், "பெரியம்மா வெடக்கோழி அடிச்சு வச்சிருக்காளாம்டா, போகலன்னா கோவிச்சுக்குவா"ன்னு அதுவே சட்டைய எடுத்துக் குடுக்கும். நான் என்ன பண்ண? பவுடரையும் விடல, பெரியம்மாவையும் விடல.

கடைசி நாளு சித்தப்பா வீட்டுல ஈரல் வறுவல். ஈரலச் சுருக்குங்கடான்னா நான் ஈரலையே வறுத்துத் தின்னுட்டு வந்திருக்கேன். ஹா!

சிரிங்கண்ணே. நீங்களும் பெரிய டாக்டரு மாதிரியே மூஞ்சிய வச்சுக்கிட்டு.

ஒரு சார்ட் குடுப்பாங்க. தினம் என்ன சாப்ட்டோம்னு எழுதணும். நான் காலேஜுல ரெக்கார்டு நோட்டு எழுதுனவண்ணே. சோதனையே பண்ணாம ரீடிங் எழுதுவோம். எல்லாம் கரெக்டா இருந்தாச் சந்தேகம் வரும்னு அங்கங்க ஒரு சின்னத் தப்பு வைப்போம். அதே டெக்னிக்கு. பதினாலு நாளையும் திங்கக்கிழமை சாயந்தரம் ஒரே மூச்சுல எழுதினேன், நாலு பேனா மாத்தி. ஆறாம் நாளு மட்டும் 'ஒரு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டேன், மன்னிக்கவும்'னு போட்டேன். டயட்டு மேடம் அதப் படிச்சுட்டு, "இவ்வளவு நேர்மையா யாருமே எழுதுறதில்ல"ன்னாங்க. எடை பாத்தாங்க, நாலு கிலோ கொறஞ்சிருக்கு. எப்படி? போன மாசம் மொதமொதல்ல ஏறும்போது ஜீன்சு, ஷூவு, பாக்கெட்டுல ரெண்டு பவர் பேங்கு, இடுப்புல பெல்ட்டு. இந்தத் தடவை ஆஸ்பத்திரி கவுனு. மேடம் கை தட்டினாங்கண்ணே. எனக்கு யாரும் கை தட்டிப் பல வருசமாச்சு.

காலேஜா? விட்டுட்டேன். மூணாம் வருசம். பதினாலு அரியருன்னு ஊருக்குள்ள சொல்லி வச்சிருக்கேன். உங்ககிட்ட என்ன, மூணு அரியருதான். பரீட்ச ஹால்ல புதுசா நாற்காலி போட்டாங்க, எழுதுற பலகையும் நாற்காலியும் ஒண்ணாச் சேந்தது. உள்ள போயிட்டேன், வெளிய வர முடியல. மூணு மணி நேரம் அப்படியே உக்காந்து நல்லாத்தான் எழுதினேன். மணி அடிச்சு எல்லாரும் எந்திரிச்சாச்சு, நான் மட்டும் நாற்காலியோட எந்திரிக்கிறேன். ரெண்டு சாரு ஒரு பக்கம் இழுக்க, வாட்ச்மேன் ஒரு பக்கம் இழுக்க, எவனோ போன்ல எடுத்துட்டான். நானே கமெண்ட்ரி குடுத்தேன், தேர் கிளம்பிருச்சு, வடம் புடிங்கன்னு. செம சிரிப்பு. மறுநாள் பரீட்சைக்குக் கெளம்பி பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போனேன். அப்புறம் போகல.

முட்டாப்பயன்னு சொல்லட்டும்ணே. அது பரவால்ல.

செருப்பா? நல்லாருக்குல்ல? தோலு. என்னதில்ல, ரூம்ல பக்கத்துக் கட்டில்ல இருந்தவரோடது. என் செருப்பு வாரு அறுந்துபோச்சு, இது அங்க சும்மா கெடந்துச்சு, போட்டுட்டு வந்தேன். நம்ம காலுக்கு அளவாச் செருப்பு கிடைக்கிறது பெரிய விசயம்ல.

சுந்தரவேல் சார்னு பேரு. திருமங்கலத்துல ஸ்கூல் வாத்தியாரு. திங்கக்கெழம அவருக்கு ஆப்பரேசன் முடிஞ்சுச்சு. செவ்வாக்கெழம நான் வந்து சேரும்போதே மனுசன் எந்திரிச்சு நடக்குறாரு. நல்லாப் பேசுனாரு. ரெண்டு வருசம் யோசிச்சாராம். நோட்டுல இந்தப் பக்கம் ஏன் பண்ணணும், அந்தப் பக்கம் ஏன் கூடாதுன்னு எழுதி எழுதிப் பாத்து, பண்ணிக்கிட்டவங்க நாலு பேரத் தேடிப் போய்ப் பேசி, அதுக்கப்புறந்தான் வந்தாராம். பேத்திய ஸ்கூலுக்கு நடந்தே கூட்டிட்டுப் போகணும், அது ஒண்ணுதான் ஆசன்னாரு. எங்கிட்டக் கேட்டாரு, "தம்பி, நீங்க எதுக்குப் பண்றீங்க?"ன்னு. "சும்மாத்தான் இருக்கேன் சார், அதான்"னேன். அவரு என் கட்டில்ல வந்து உக்காந்தாரு. அப்புறம், "இன்னும் நாளிருக்கு தம்பி, வேணாம்னாலும் சொல்லலாம்"னாரு. வாத்தியாருல்ல, அப்படித்தான்.

அவருக்கு முப்பது மில்லி கப்புல தண்ணி. அதையும் உறிஞ்சி உறிஞ்சி. மூணு நாளா அதுதான். நேத்து சாயந்தரம் அவரு சம்சாரம் மருந்து வாங்கக் கீழ போயிருந்துச்சு, எங்கம்மா குளிக்கப் போயிருந்துச்சு. நான் பையிலருந்து சேவு எடுத்தேன். சாத்தூர்க்காரன் பையில சேவு இல்லாம இருக்குமா? மிளகுச் சேவு. எடுத்து ஒரு வாய் போட்டேன், கரக்குன்னுச்சு, அவரு திரும்பிப் பாத்தாரு.

பாத்தாருண்ணே. எதும் கேக்கல. பாத்துக்கிட்டே இருந்தாரு.

எங்க வீட்டுல ஒரு பழக்கம். ஒருத்தர் பாத்துட்டு இருக்கும்போது குடுக்காமத் திங்கக் கூடாது. தின்னா வயித்த வலிக்கும், கண்ணு பட்டுரும்னு அம்மா சொல்லும். தெருவுல நாய் பாத்தாலே ஒரு துண்டு போட்டுட்டுத்தான் திம்பேன். நான், "சார், ஒரு கை?"ன்னேன். மாட்டேன்னுதான் தலையாட்டினாரு. நாந்தான், "சார், வாயில போட்டா உமிழ்நீருலயே கரைஞ்சிரும் சார், ருசிக்கு"ன்னு சொல்லி உள்ளங்கையில வச்சேன். ஒரு கைன்னா பெரிய கையில்ல. இத்தினி. கண்ண மூடிக்கிட்டுச் சாப்ட்டாரு. "அருஞ்சுனை, இந்த ஜென்மத்துக்கு இது போதும்யா"ன்னாரு. சும்மா ஒரு பேச்சுக்குத்தான்.

சேவெல்லாம் ஒண்ணும் பண்ணாதுண்ணே. கடலமாவு.

ஒரு மணி நேரத்துல இடது தோளு வலிக்குதுன்னாரு. வேர்த்துக் கொட்டுது. சிஸ்டரு ஓடியாந்து நாடி புடிச்சுட்டு டாக்டரக் கூப்பிட்டாக. டாக்டரு வந்து கத்துறாரு, "என்ன குடுத்தீங்க? வாய்வழியா என்ன போச்சு?"ன்னு மருந்தோட வந்து நின்ன சம்சாரத்தப் பாத்து. அந்தம்மா, "சாமி சத்தியமா நான் ஒண்ணும் குடுக்கல டாக்டர்"னு அழுவுது. என்னையும் கேட்டாங்க, "நீங்க பாத்தீங்களா தம்பி, எதாச்சும் குடுத்தாங்களா?"ன்னு.

நான், "தெரியல சார், தூங்கிட்டேன்"னேன். போர்வைய இழுத்து மூடிக்கிட்டேன்.

சொல்லிருந்தா என்னண்ணே ஆகப் போகுது? என் ஆப்பரேசனத் தள்ளி வச்சிருப்பான், வீட்டுல பெரிய ரகளையாயிருக்கும். அவரு ஒண்ணும் சொல்லலியே. தள்ளிக்கிட்டுப் போகும்போது என்னையத்தான் பாத்தாரு. நல்ல மனுசன்.

காலைல எந்திரிச்சுப் பாத்தா கட்டிலு காலி. விரிப்பெல்லாம் புதுசு மாத்திருக்கு. டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க போல. சிஸ்டருகிட்டக் கேட்டேன், அவங்க பிளட் பிரஷரு பாத்துக்கிட்டே பதிலே சொல்லல, பிஸி. மனுசன் அவசரத்துல செருப்ப மறந்துட்டுப் போயிட்டாரு.

என்னண்ணே, காப்பி ஆறுது.

அக்கா நேத்து போன் பண்ணா. சண்முகக்கனி. "டேய், நெசமாவே உனக்கு இஷ்டமாடா? எனக்காகப் பண்றதா இருந்தா வேணாம்டா. இப்பச் சொல்லு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்"னா. கேக்குறா, நெசமாத்தான் கேக்குறா. குரல்ல தெரியுது. நான் என்ன சொன்னேன்? "அக்கா, உன் கல்யாணத்துல பந்தியில எடம் மிச்சமாகும்ல, அதுக்குத்தான்"னேன். அவ சிரிக்கல. போன வச்சுட்டா. இப்பல்லாம் என் ஜோக்குக்கு ஆளே சிரிக்க மாட்டேங்குது. டல்லாயிட்டேன் போல.

உங்க கேள்விக்கு வர்றேன். பண்ணிக்கலாமான்னு. தாராளமாப் பண்ணிக்கங்க. எத்தனையோ பேரு பண்ணிட்டு நல்லாருக்காங்க, சக்கரை கொறைஞ்சிருக்கு, மாடி ஏறுறாங்க. ரிசப்சன்ல போட்டோ மாட்டிருக்கு பாருங்க. கேக்குறதுக்கெல்லாம் மட்டும் கரெக்டாப் பதில் சொல்லிட்டா ஒண்ணும் பிரச்சன இல்ல. கரெக்டான பதில்னா, அவங்களுக்குப் புடிச்ச பதிலு. நான் எல்லாத்துலயும் பாஸு. வாழ்க்கையில மொத தடவையா ஒரு அரியரு இல்ல.

திரும்பாதீங்க. மெதுவா, மெதுவாப் பாருங்க. படிக்கட்டுகிட்ட பச்சச் சேலையில ஒரு அம்மா நிக்குதா? அதுதான் சுந்தரவேல் சாரு சம்சாரம். நான் வரும்போதே அங்கதான் நின்னுச்சு. உக்காரச் சொல்றாங்க, உக்கார மாட்டேங்குது. கூட யாரோ தம்பி முறை போல, தோளப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். டிஸ்சார்ஜ்னா இன்னும் இங்க என்ன பண்ணுதுன்னு கேக்குறீங்களா? மருந்து, சீட்டு, ஆயிரம் இருக்கும்ணே. அழுகுதா? தூரத்துலருந்து எல்லாரும் அழுகுற மாதிரித்தான் தெரிவாங்க.

என்னண்ணே, அந்தம்மா என் காலையே பாக்குது.

இல்ல, காலப் பெஞ்சுக்கு அடியில இழுத்துக்கிறேன். ஒண்ணுமில்ல. போறப்பக் குடுத்துருவேன். இல்லன்னா நீங்க குடுத்துருங்களேன், எனக்கு ஒம்பது மணிக்கு... கட்டிலுக்கு அடியில கெடந்துச்சுன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்.

அய்யோ, ஜெயமேரி சிஸ்டரு. தேடிக்கிட்டு இங்கயே வந்துட்டாக. அண்ணே, இந்தத் தட்ட உங்க பக்கம் தள்ளிக்கங்க. ஒரு உதவி. வாயில எதும் ஒட்டிருக்கா? சட்டினி இருக்கா? சரி.

இங்கதான் இருக்கேன் சிஸ்டர்! எங்கயும் போயிடல, காத்து வாங்க வந்தேன். இப்பவேவா? ஒம்பதுன்னு சொன்னீங்க? சரி, மொத கேசே நான்தானா. நல்லதுதான், ராசியான ஆளு.

சேச்சே, இல்ல சிஸ்டர். ஒண்ணும் சாப்டல. பச்சத் தண்ணி படல. தட்டா? இது இந்த அண்ணனோடது. மஞ்ச ஃபைலு பாத்தீங்கல்ல, நம்ம ஆளு, ரெண்டு தட்டு வாங்கிருக்காரு. சத்தியமா சிஸ்டர், வெறும் வயிறு. நம்பலன்னா அவரையே கேளுங்க. அரை மணி நேரமா பக்கத்துலதான் உக்காந்திருக்காரு.

சொல்லுங்கண்ணே.

அண்ணே, சிஸ்டரு கேக்குறாகல்ல. நான் சாப்ட்டேனா, இல்லையா?

சும்மா என்னையவே பாத்துட்டு இருக்காதீங்கண்ணே. எதாச்சும் சொல்லுங்க.